எக்ஸ்ட்ரா வேலைக் கணக்கும் இரண்டாம் பக்கமும்



மதரஸா மாடிக் கட்டடத்தின் கணக்கை முடித்த அன்று நான் ஒரு தவறு செய்தேன். கமிட்டியில் இருந்தவர்களுக்கு அது தெரியும். மற்றவர்களும் தெரிந்துகொள்ளட்டும் என்றே இதை எழுதுகிறேன். இந்த மாதப் பாடம் அந்தத் தவறிலிருந்துதான் வந்தது.

ஒப்பந்தத் தொகை 21,00,000 ரூபாய். வேலை நடக்க நடக்க மாற்றங்கள் வந்தன. படிக்கட்டை மேற்குப் பக்கத்திலிருந்து வடக்குப் பக்கத்துக்கு மாற்றினோம். ஒளுச் செய்யும் இடத்தில் குழாய்களைக் கூட்டினோம். பெண் பிள்ளைகள் வந்து போகத் தனி வாசல் வைத்தோம். படிக்கு டைல்ஸ் வேண்டாம், சிமெண்ட் பூச்சே போதும் என்று ஒன்றைக் குறைக்கவும் செய்தோம். கடைசி பில்லில் கான்ட்ராக்டர் அண்ணன் எக்ஸ்ட்ரா வேலை என்று 27 இனங்களை எழுதி, குறைத்தது போக 3,42,000 ரூபாய் கேட்டிருந்தார். எங்கள் கையிலிருந்த பட்டியலில் 20 இனங்கள்தான் இருந்தன. கூட்டினால் 2,11,500 ரூபாய்.

அந்தப் பட்டியல் யாரோ கையால் எழுதியதல்ல. மேற்பார்வை பார்த்த எஞ்சினியர் ஆபீஸில் ஒரு கட்டுமான மென்பொருள் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு மாற்றமும் அதில் ஏறியது. அங்கிருந்து எங்கள் எக்செல் தாளுக்குக் கணக்கு தானாக வந்து விழும்படி ஒரு தம்பி ஏற்பாடு செய்து கொடுத்திருந்தார். கம்ப்யூட்டர் கொடுத்த கணக்கு என்ற தைரியத்தில் நான் கமிட்டி முன்னாலேயே, "ஏழு இனத்துக்கு ஆதாரம் இல்லையே அண்ணே, 1,30,500 ரூபாய் எங்கிருந்து வந்தது?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் என்னைப் பார்த்து, "பாய், செய்யாத வேலைக்கா காசு கேக்குறேன்? பிள்ளைங்க ஓதுற இடத்துக் காசு" என்றார். வைத்த டீயைக் குடிக்காமலே எழுந்து போய்விட்டார்.

இரண்டு நாள் கழித்து, தோஹாவிலிருந்து விடுமுறையில் வந்திருந்த என் அக்கா மகன் அந்தத் தாளைப் பார்த்தான். அங்கே ஒரு கட்டுமான நிறுவனத்தில் அவன் டாக்குமென்ட் கன்ட்ரோலர். "மாமு, சரியா இருபது வரி இருக்கு பாருங்க. இப்படி முழு எண்ணா வந்தாலே சந்தேகப்படணும். முதல் பக்கத்தை மட்டும் வாங்கியிருக்காங்க, ரெண்டாம் பக்கத்தைக் கேக்கவே இல்ல" என்றான்.

எஞ்சினியர் ஆபீஸ் தம்பியைக் கூப்பிட்டுப் பார்த்தோம். அவன் சொன்னதுதான் உண்மை. அந்த மென்பொருள் ஒரு தடவைக்கு 20 இனங்களைத்தான் கொடுக்கும். மீதி ஏழும் இரண்டாம் பக்கத்தில் பத்திரமாக இருந்தன. அவற்றில் நான்கு நாங்களே ஒப்புதல் கொடுத்தவை, 86,000 ரூபாய். இரண்டு இன்னும் முடிவாகாதவை, 32,500 ரூபாய். ஒன்று ரத்து செய்யப்பட்ட ஜன்னல் கிரில், 12,000 ரூபாய். கிரில்லை பில்லில் சேர்த்தது அவர் கவனக்குறைவு. காட்டியதும் அவரே அடித்துவிட்டார். நிலுவையில் இருந்த இரண்டையும் டேப் வைத்து அளந்து பார்த்தோம். 22,500 ரூபாய் வேலையை ஒப்புக்கொண்டோம். 10,000 ரூபாய் வேலை முதல் ஒப்பந்தத்திலேயே அடங்கியது என்று அவர் ஒப்புக்கொண்டார். ஆக எக்ஸ்ட்ரா 3,20,000, மொத்தம் 24,20,000 ரூபாய். மஃக்ரிப் தொழுதுவிட்டு அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன்.

நம் திருவரங்குளத்திலும் சுற்று ஊர்களிலும் இந்தப் பாடம் தேவைப்படுகிற வீடுகள் பல. சபுராளிகளில் கணிசமானோர் வளைகுடாவில் கட்டுமான நிறுவனங்களில்தான் இருக்கிறார்கள். அவர்களில் கம்பி கட்டுகிறவரும் உண்டு, ஆபீஸில் உட்கார்ந்து இந்தக் கணக்கை ஏற்றுகிறவரும் உண்டு. அவர்கள் அனுப்பும் பணத்தில் இங்கே வீடு எழும்புகிறது. அந்த வீட்டிலும் எக்ஸ்ட்ரா வருகிறது, சண்டையும் வருகிறது.

பெயர் பல, சங்கதி ஒன்று

நாம் 'எக்ஸ்ட்ரா' என்கிறோம். வளைகுடாவில் 'வேரியேஷன்' என்பார்கள். அமெரிக்க மென்பொருள்களில் 'சேஞ்ச் ஆர்டர்' என்று இருக்கும். நம் மத்தியப் பொதுப்பணித் துறை ஒப்பந்தத்தில் 12-ஆம் பிரிவு இதற்கே உரியது. அங்கே 'டீவியேஷன்', 'எக்ஸ்ட்ரா ஐட்டம்', 'சப்ஸ்டிட்யூட்டட் ஐட்டம்' என்று பிரித்துச் சொல்வார்கள். முதலில் பேசிய வேலையிலிருந்து கூடுவதும் குறைவதும் மாறுவதும் எல்லாம் இதில் சேரும். குறைவதும் சேரும் என்பதை மறந்துவிடக் கூடாது. எங்கள் படிக்கட்டு டைல்ஸ் கழித்தல் குறியோடு ஏற வேண்டிய இனம்.

வளைகுடாவின் பெரிய வேலைகள் பலவற்றுக்கு ஃபிடிக் என்ற சர்வதேச ஆலோசனைப் பொறியாளர் கூட்டமைப்பின் ஒப்பந்த வாசகம்தான் அடிப்படை. அதன் 1999-ஆம் ஆண்டுச் சிவப்புப் புத்தகத்தில் 13-ஆம் பிரிவு மாற்றங்களைப் பற்றியது. 20.1-ஆம் பிரிவு இன்னொன்று சொல்கிறது: கூடுதல் பணமோ கூடுதல் காலமோ கேட்க விரும்பும் ஒப்பந்ததாரர், அதற்கான காரணம் தெரியவந்த 28 நாட்களுக்குள் எழுத்தில் அறிவிக்க வேண்டும். தவறினால் கேட்கும் உரிமையே போய்விடும். அதனால்தான் அங்கே ஆபீஸில் இருக்கும் நம் பிள்ளைகளை, தேதியைச் சரியாக ஏற்று, சரியாக ஏற்று என்று மேலாளர் விரட்டுகிறார்.

இந்தியாவில் எழுத்து இல்லாவிட்டால் எல்லாம் போயிற்று என்று இல்லை. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 70-ஆம் பிரிவு, இலவசமாகச் செய்யும் எண்ணமின்றி ஒருவர் செய்த வேலையின் பலனை மற்றவர் அனுபவித்தால் அதற்கு ஈடு கொடுக்க வேண்டும் என்கிறது. பி.கே. மண்டல் அண்டு சன்ஸ் என்ற ஒப்பந்ததாரர், 1944-இல் வங்காள அரசின் அதிகாரிகள் கேட்டுக்கொண்டபடி கட்டுமான வேலை செய்தார். முறையான ஒப்பந்தம் எழுதப்படவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், இந்த 70-ஆம் பிரிவின் கீழ் அவருக்குப் பணம் உண்டு என்று தீர்ப்பானது. தீர்ப்பு 1962-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பில் இருக்கிறது. வேலை செய்த வருடத்தையும் தொகுப்பின் வருடத்தையும் கழித்துப் பாருங்கள். எழுத்து இருந்திருந்தால் அத்தனை காலம் அலைந்திருக்க வேண்டாம். குர்ஆனின் மிக நீளமான வசனமான அல்பகரா 282, கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியது என்பதை நம் மக்தப் பிள்ளைகளே சொல்வார்கள்.

அரசு வேலைகளில் எழுத்து என்றால் எம்.புக், அதாவது அளவுப் புத்தகம். பக்க எண் அச்சிட்டிருக்கும். ஒரு தாளைக் கிழித்தால் தெரிந்துவிடும். 2021 அக்டோபர் 29-ஆம் தேதி மத்திய நிதி அமைச்சகம் வெளியிட்ட பொது அறிவுறுத்தல்களில் இந்த அளவுப் புத்தகத்தையும் மின்னணு முறைக்கு மாற்றச் சொன்னார்கள். நல்ல காரியம்தான். ஆனால் தாள் புத்தகத்தில் இரண்டாம் பக்கத்தைத் தவறவிடுவது கடினம். கம்ப்யூட்டரில் அது மிகச் சுலபம் என்பதை நான் அனுபவித்துவிட்டேன்.

ஜன்னலும் சீட்டும்

இனி மென்பொருள் விஷயத்துக்கு வருவோம். பெரிய நிறுவனங்களில் புரோகோர், ஆரக்கிள் அகோனெக்ஸ், ஆட்டோடெஸ்க் பில்ட் போன்றவை புழங்குகின்றன. புரோகோர் 2002-இல் கலிபோர்னியாவில் தொடங்கியது. அகோனெக்ஸ் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் தொடங்கிப் பின்னர் ஆரக்கிள் கைக்குப் போனது. தகவல் இவற்றுக்கு உள்ளே இருக்கிறது. வெளியே எடுக்க இரண்டு வழி உண்டு. ஒன்று, திரையில் இருக்கும் 'எக்ஸ்போர்ட்' பொத்தான். மற்றொன்று ஏ.பி.ஐ என்ற இடைமுகம்.

இடைமுகம் என்றதும் மலைக்க வேண்டாம். தாலுகா ஆபீஸ் பதிவறையை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே போய் நாமே கட்டைப் பிரிக்க விடமாட்டார்கள். ஒரு ஜன்னல் இருக்கும். அவர்கள் சொன்ன படிவத்தில் சீட்டு எழுதி, நாம் யார் என்று அடையாளம் காட்டி நீட்டினால், நகல் வெளியே வரும். சீட்டு தப்பாக இருந்தால் திருப்பித் தருவார்கள். ஏ.பி.ஐ அந்த ஜன்னல்தான். வித்தியாசம், வரிசையில் நிற்பது மனிதனல்ல, இன்னொரு நிரல். அதனால் இரவு இரண்டு மணிக்கும் சீட்டு நீட்டலாம்.

பொத்தான் போதாதா என்று கேட்கலாம். ஒரு வீடு, ஒரு கட்டடம் என்றால் போதும். நாற்பது வேலை நடக்கிற நிறுவனத்தில், ஒவ்வொரு மாதமும், ஒவ்வொரு வேலைக்கும் பொத்தானை அமுக்கி, வந்த தாள்களை ஒட்டி, கணக்குப் பிரிவுக்கு அனுப்புவது ஒரு ஆளின் முழு வேலை. அதில் ஒரு தாள் விட்டுப்போனால் யாருக்கும் தெரியாது. இடைமுகம் வழியாக எடுத்தால் கணக்கு மென்பொருளுக்கு நேராகவே சேர்த்துவிடலாம். நம் கடைவீதியில் ஜி.எஸ்.டி கணக்குப் பார்ப்பவர் வைத்திருக்கும் டேலிக்கும் இப்படி ஒரு ஜன்னல் உண்டு. வழக்கமாக 9000 என்ற எண்ணுள்ள போர்ட்டில், எக்ஸ்.எம்.எல் வடிவில் அது பேசும். பலர் வருடக்கணக்கில் டேலியில் வேலை பார்த்தும் இதை அறிவதில்லை.

எடுக்கும் முறை

புரோகோரை எடுத்துக்காட்டாக வைத்துச் சொல்கிறேன். அதன் இடைமுக விளக்கக் குறிப்புகள் எல்லோரும் படிக்கும்படி வெளியிடப்பட்டிருக்கின்றன. படிக்கிற பிள்ளைகள் அதைப் பார்த்தே பழகலாம்.

முதலில் அடையாளம். நிரலுக்கு ஒரு அடையாள எண்ணும் ஒரு ரகசியச் சொல்லும் தருவார்கள். அவற்றைக் காட்டினால் 'டோக்கன்' என்ற தற்காலிக வில்லை கிடைக்கும். இந்த முறைக்கு ஓஆத் 2.0 என்று பெயர். 2012-இல் இணையத் தர ஆவணமாக வெளிவந்தது. வில்லைக்கு ஆயுள் குறைவு, காலாவதியானால் புதிது வாங்க வேண்டும். பாதி எடுத்துக்கொண்டிருக்கும்போது காலாவதியானால் என்ன செய்வது என்று நிரலில் முன்கூட்டியே எழுதியிருக்க வேண்டும். இல்லையென்றால் பாதித் தகவலோடு நிரல் நின்றுவிடும். பாதித் தகவல் முழுத் தகவல் போலவே தோற்றம் தரும், அதுதான் ஆபத்து.

அடுத்து எந்த நிறுவனம், எந்த வேலை என்று எண் சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் எந்த மாற்றங்கள் என்ற கேள்வி. பலர் சறுக்குவது இங்கேதான். உரிமையாளருக்கும் முதன்மை ஒப்பந்ததாரருக்கும் இடையிலான மாற்றம் ஒரு பட்டியல், 'பிரைம் கான்ட்ராக்ட் சேஞ்ச் ஆர்டர்'. முதன்மை ஒப்பந்ததாரருக்கும் அவரிடம் சப்-கான்ட்ராக்ட் எடுத்த பிளம்பருக்கும் இடையிலானது வேறு பட்டியல், 'கமிட்மென்ட் சேஞ்ச் ஆர்டர்'. குழாய் கூட்டுகிற ஒரே வேலை இரண்டிலும் இருக்கும். முதலாவது வரவு, இரண்டாவது செலவு. இரண்டையும் ஒன்றாகக் கூட்டினால் கணக்கு எங்கோ போய்விடும்.

அதோடு நிற்கவில்லை. ஒரு மாற்றம் முதலில் 'இப்படி ஒன்று வரலாம்' என்ற நிலையில் ஏறுகிறது. பிறகு விலை போட்டுக் கோரிக்கையாகிறது. ஒப்புதல் வந்த பின்புதான் ஒப்பந்தத்தில் சேர்கிறது. நிறுவனம் எப்படி அமைத்திருக்கிறதோ அதற்கேற்ப இது ஒரு படி, இரண்டு படி, மூன்று படி என்று இருக்கலாம். மூன்று படி அமைப்பில் ஒரே வேலை மூன்று இடத்தில் மூன்று எண்ணோடு உட்கார்ந்திருக்கும். எந்தப் படியை எடுக்கிறோம் என்று முடிவு செய்துகொண்டே எடுக்க வேண்டும்.

ஒவ்வொரு இனத்தோடும் அதன் நிலையும் வர வேண்டும்: டிராஃப்ட், பென்டிங், அப்ரூவ்டு, ரிஜெக்டெட், வாய்டு. தொகையை மட்டும் எடுத்து நிலையை விட்டால், எங்கள் ஜன்னல் கிரில்லுக்கு நேர்ந்ததுதான் நேரும். திருத்திய ஒப்பந்தத் தொகை என்பது முதல் தொகையும் ஒப்புதல் பெற்ற மாற்றங்களும் மட்டும் சேர்ந்தது. நிலுவையில் உள்ளவை தனிப் பத்தியில் நிற்கட்டும். அதை மறைக்கவும் கூடாது, ஏனென்றால் நாளைக்குக் கொடுக்க வேண்டி வரக்கூடிய பணம் அது. அறக்கட்டளை போன்ற இடங்களில் கையிருப்பு போதுமா என்பதை அந்தப் பத்திதான் சொல்லும்.

பிறகு பக்கங்கள். ஜன்னலில் இருப்பவர் ஒரு தடவைக்கு இத்தனை தாள்தான் கொடுப்பார். இன்னும் இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார். ஆனால் கொடுத்த கட்டின் மேலட்டையில் மொத்தம் எத்தனை, அடுத்த பக்கம் எது என்று குறித்திருப்பார். மென்பொருள் மொழியில் அந்த மேலட்டைக்கு 'ஹெடர்' என்று பெயர். அடுத்த பக்கம் இல்லை என்று தெரியும்வரை கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். எஞ்சினியர் ஆபீஸ் தம்பியின் நிரல் மேலட்டையைப் படிக்கவில்லை. வேலை தொடங்கிய காலத்தில் எட்டு, பத்து இனங்கள்தான் இருந்தன, அப்போது எல்லாம் சரியாகவே வந்தது. இருபத்தொன்றாவது இனம் ஏறிய நாளில் பிழை ஆரம்பித்தது. யாரும் கவனிக்கவில்லை.

அவசரப்பட்டு மளமளவென்று சீட்டு நீட்டினாலும் ஜன்னல் மூடிக்கொள்ளும். 429 என்ற எண் பதிலாக வந்தால் 'மிக அதிகமாகக் கேட்கிறாய்' என்று பொருள். சற்றுப் பொறுத்து அதே சீட்டை மறுபடி நீட்ட வேண்டும். 429-ஐ வெற்றுப் பக்கம் என்று நினைத்துக் கடந்து போகிற நிரலும் உண்டு, அதிலும் தகவல் காணாமல் போகும்.

பட்டியலில் பெரும்பாலும் தலைப்பும் தொகையும்தான் இருக்கும். உள்ளே எத்தனை கிலோ கம்பி, எத்தனை சதுரடி பூச்சு என்ற விவரம் வேண்டுமானால் ஒவ்வொரு இனத்துக்கும் தனிச் சீட்டு எழுத வேண்டியிருக்கும். இணைத்திருக்கும் படம், கையெழுத்திட்ட கடிதம் இவையும் அப்படித்தான். பல மென்பொருள்களில் படத்துக்குத் தரும் இணைப்பு சில நேரம் மட்டுமே திறக்கும். இணைப்பை எக்செல்லில் ஒட்டி வைத்துவிட்டு, படம் இருக்கிறது என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. கோப்பையே இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். வழக்கு என்று வந்தால் கேட்கப்படுவது அந்தக் கடிதம்தான்.

நிரல் எழுதத் தெரியாதவர்களும் சீட்டு நீட்டிப் பார்க்க ஒரு கருவி இருக்கிறது, போஸ்ட்மேன் என்று பெயர். பெங்களூரில் தொடங்கி உலகம் முழுக்கப் போனது. அதில் பழகிவிட்டு பைத்தானில் எழுதினால் இந்த வேலைக்கு ஐம்பது, அறுபது வரி போதும். பாலிடெக்னிக் படிக்கும் பிள்ளைக்கு எட்டாத வேலையல்ல.

எக்செல் செய்யும் உபகாரங்கள்

இடைமுகத்திலிருந்து வரும் பதில் பொதுவாக ஜேசன் என்ற வடிவில் இருக்கும். வந்ததை வந்தபடியே, தேதி போட்டு, ஒரு கோப்பில் முதலில் சேமித்துவிட வேண்டும். அதுதான் மூல ஆவணம். எக்செல்லுக்கு மாற்றுவதெல்லாம் அதற்குப் பிறகு. ஏனென்றால் எக்செல் நமக்கு உபகாரம் செய்வதாக நினைத்துக்கொண்டு பலதை மாற்றிவிடும்.

மாற்ற எண் 007 என்று இருந்தால் 7 ஆக்கிவிடும். 3-2 என்ற எண்ணைத் தேதியாக்கிவிடும். இது நமக்கு மட்டும் வந்த சோதனையல்ல. மனித மரபணுக்களில் மார்ச்1, செப்ட்1 என்ற பெயருடையவை இருந்தன. எக்செல் அவற்றை மார்ச் மாதம், செப்டம்பர் மாதம் என்று மாற்றி ஆய்வுத் தாள்களைக் கெடுத்ததால், 2020-இல் அந்த மரபணுக்களின் பெயர்களையே மாற்றிவிட்டார்கள். தமிழில் எழுதிய விவரங்கள் சி.எஸ்.வி கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறந்தால் புரியாத கிறுக்கலாகத் தெரியும். எழுத்து அழிந்துவிட்டது என்று பயப்பட வேண்டாம். 'டேட்டா' பகுதிக்குப் போய் 'ஃபிரம் டெக்ஸ்ட்' வழியாக, 65001 யு.டி.எஃப்-8 என்பதைத் தேர்ந்து திறந்தால் தமிழ் தமிழாகவே வரும். எண் பத்திகளை 'டெக்ஸ்ட்' என்று அங்கேயே குறித்துவிட்டால் 007-உம் பிழைக்கும்.

கழித்தல் தொகை சில ஏற்றுமதிகளில் அடைப்புக்குறிக்குள் வரும், (14,000) என்று. மனிதக் கண்ணுக்கு அது கழித்தல். அடுத்த நிரலுக்கு அது வெறும் எழுத்து, கூட்டலில் சேராது.

தேதி விஷயம் இன்னும் நுட்பமானது. பல மென்பொருள்கள் நேரத்தை உலகப் பொது நேரத்தில் வைத்திருக்கும். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். கத்தாரும் சவூதியும் மூன்று மணி முன்னால், துபாய் நான்கு மணி முன்னால். நாம் ஏப்ரல் 1 என்று தேதி மட்டும் போட்டு, மென்பொருள் அதை நள்ளிரவு 12 மணி என்று எடுத்துக்கொண்டால், உலகப் பொது நேரத்தில் அது மார்ச் 31 மாலை 6.30. தேதியை மட்டும் வெட்டி எடுக்கும் நிரல் மார்ச் 31 என்று எழுதிவிடும். ஒரு நாள் வித்தியாசம்தானே என்று தோன்றும். ஆனால் செலவு போன நிதியாண்டுக்குப் போய்விட்டது. ஆடிட்டர் கேட்பார். வளைகுடாவில் 28 நாள் கணக்குப் பார்க்கிற இடத்தில் அந்த ஒரு நாளுக்கு விலை அதிகம்.

எல்லாம் முடிந்த பின் சரிபார்ப்பு. மேலட்டை சொன்ன மொத்த எண்ணிக்கையும் நம்மிடம் உள்ள வரிகளும் ஒன்றா? மென்பொருள் திரையில் காட்டும் கூட்டுத்தொகையும் நம் கூட்டுத்தொகையும் பைசா உட்பட ஒன்றா? எண்கள் 1 முதல் தொடர்ச்சியாக இருக்கின்றனவா, இடையில் எது விட்டிருக்கிறது? இந்த மூன்றையும் பார்க்கப் பத்து நிமிடம் ஆகாது. நான் அந்தப் பத்து நிமிடத்தைச் செலவழிக்கவில்லை.

பெரிய இடங்களிலும் இது நடக்கும். 2020-இல் கொரோனா நேரத்தில், இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு பரிசோதனைக் கூடங்களிலிருந்து வந்த முடிவுகளைப் பழைய எக்செல் வடிவத்தில் ஏற்றிக்கொண்டிருந்தது. அந்த வடிவத்தில் ஒரு தாளுக்கு 65,536 வரிதான். அதற்கு மேல் வந்தவை சத்தமில்லாமல் விழுந்தன. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 தொற்றாளர்கள் கணக்கில் வராமல் போனார்கள். அவர்களோடு பழகியவர்களைத் தேடி எச்சரிக்கும் வேலையும் அத்தனை நாள் தாமதமானது. எங்களுக்குப் போனது ஏழு வரி. அங்கே போனது மனிதர்கள்.

அனுமதி

வெளிநாட்டில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. மேலே சொன்ன வித்தை தெரிந்துவிட்டது என்பதற்காக, கம்பெனித் தகவலைத் தன் சொந்தக் கணினிக்கு இறக்கிவிடாதீர்கள். நிரல் பதிவு செய்வதற்கும் டோக்கன் பெறுவதற்கும் நிறுவனத்தின் எழுத்து அனுமதி வேண்டும். வேலை ஒப்பந்தத்தில் ரகசியக் காப்புப் பிரிவு இருக்கும், படித்துப் பாருங்கள். வேலை மாறும்போது 'மாதிரிக்கு' என்று பழைய கம்பெனியின் வேரியேஷன் பட்டியலை எடுத்துப் போவது அமானிதத்துக்கும் விரோதம், சட்டத்துக்கும் விரோதம். ரகசியச் சொல்லை வாட்ஸ்அப் குழுவில் போடுவதும், நிரலுக்குள்ளேயே எழுதி நண்பனுக்கு அனுப்புவதும் வீட்டுச் சாவியைப் பஸ் ஸ்டாண்டில் தொங்கவிடுவது போலத்தான்.

கற்றுக்கொள்ள வேண்டும் என்றால் பயிற்சிக்கென்றே தரும் மாதிரிக் கணக்கைப் பயன்படுத்துங்கள். புரோகோர் உட்படப் பல நிறுவனங்கள் அதைத் தருகின்றன. கற்பனைக் கட்டடம், கற்பனைப் பணம். எவ்வளவு பிழை செய்தாலும் யாருக்கும் நஷ்டமில்லை.

வீடு கட்டுகிறவர்களுக்கு

வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பி இங்கே வீடு கட்டும் குடும்பங்களில், மேற்பார்வை பெரும்பாலும் வீட்டுப் பெண்கள் கையில்தான். கொத்தனார் "அக்கா, சன்ஷேடு ரெண்டடி கூட்டிரலாமா?" என்று கேட்பார். சரி என்பார்கள். முடிவில் சதுரடி ரேட்டுக்கு மேல் ஒரு தொகை வந்து நிற்கும். இதற்கு மென்பொருள் அவசியமில்லை. ஒரு நாற்பது பக்க நோட்டு போதும்: வரிசை எண், தேதி, என்ன மாற்றம், கூடுதலா குறைவா, எவ்வளவு, யார் சொன்னது, இரண்டு பேர் கையெழுத்து. கையெழுத்துக்குப் பின்னரே வேலை. வாரம் ஒருமுறை அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துத் தம்மாமுக்கோ ஷார்ஜாவுக்கோ அனுப்பிவிட்டால், முடிவில் கணவன் மனைவிக்குள் வரும் தகராறும் சேர்ந்தே தீரும்.

எஞ்சினியர் ஏதாவது செயலி வைத்திருந்தால், ஒப்பந்தம் எழுதும்போதே ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: எங்கள் வீட்டு வேலையின் மாற்றப் பட்டியலை, படங்களோடு, மாதம் ஒருமுறை கோப்பாகத் தர வேண்டும். சந்தா கட்டுவது அவர். சந்தா நின்றால் கணக்கு மூடப்படலாம். உங்கள் வீட்டு வரலாறு அதற்குள் மாட்டிக்கொள்ளும். எங்கள் மதரஸாக் கட்டடத்தின் 27 இனங்களும், கடிதங்களும் படங்களும் இப்போது அறக்கட்டளைக் கணினியில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று, அச்சிட்ட கட்டாக பீரோவில் ஒன்று என்று இருக்கின்றன. சந்தா தாரர்கள் யார் வந்து கேட்டாலும் பார்க்கலாம்.

இன்ஷா அல்லாஹ், வரும் மாதம் இரண்டாவது ஞாயிறும் நான்காவது ஞாயிறும் அசருக்குப் பின் மதரஸா மாடியில் இதைச் செய்தே காட்டும் வகுப்பு நடக்கும். முதல் நாள் நோட்டுக் கணக்கு, பெண்களுக்குத் தனி இடம் உண்டு. இரண்டாம் நாள் மாதிரிக் கணக்கிலிருந்து இடைமுகம் வழியாக எடுப்பது. தோஹாவிலிருந்து என் மருமகன் காணொளியில் வந்து சொல்லித் தருவான். கான்ட்ராக்டர் அண்ணனும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். தன் கணக்குப் பிள்ளையை அழைத்து வருவாராம். மடிக்கணினி உள்ளவர்கள் கொண்டு வரலாம். ஆபீஸ் கடவுச்சொல்லை யாரும் கொண்டு வர வேண்டாம்.

வஸ்ஸலாம்.

செயலாளர்